கணினி இன்றியும் படி எடுக்கலாம்



வெள்ளிவிழா மேடையில் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது.

இந்தப் பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், ஒரு வித்தியாஸ்தானத்துக்கு 3 ஊர்கள் கொடையாயின. அதைக் கூறும் செப்பேடு அழியவில்லை. அக்கல்விச்சாலை நம்முடையதாக இருந்திருக்க வழியில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் தொடங்கிய ‘பறையன்’ இதழோ, நமக்குரியதாக இருந்தும், பெரும்பகுதி கிடைக்காமற் போயிற்று. நம் வரலாற்றைச் செம்பில் பொறித்துவைக்க எவரும் வரவில்லை. படி எடுத்து வைப்பதே நமக்குள்ள வழி.

நம் சங்கத்தில் கணினி ஒன்றே. மாலைதோறும் சென்டாக் விண்ணப்பத்துக்கும் உதவித்தொகைப் படிவத்துக்கும் பிள்ளைகள் அதன்முன் வரிசையில் நிற்பர். பழைய யுஎஸ்பி 2.0 வழியில் 1 டெராபைட் வன்தட்டு முழுவதையும் படியெடுக்க 8 மணி நேரத்துக்கு மேலாகும். பிள்ளைகளை அனுப்பிவிட மனமின்றி, ஒரு மாலை இரண்டையும் ஒருங்கே செய்ய முனைந்தோம். தொங்கிய வடத்தில் ஒரு பையின் வார் சிக்கி, வன்தட்டு தரையில் விழுந்தது. பள்ளித் திண்ணைக்குக் கீழே அமர்ந்து எழுத்துக் கற்றதை ஒரு மூதாட்டி தம் குரலில் சொல்லியிருந்தார். அப்பதிவு அதில் மட்டுமே இருந்தது. அவரும் அடுத்த தையில் மறைந்தார். அந்தப் பிள்ளையை நாங்கள் கடியவில்லை. பிழை எங்களுடையது.

அதன் பின்னரே வேறு வழி தேடினோம். இரண்டு வன்தட்டுகளைச் செருகும் டாக் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. நகலெடுக்கும் வசதியுள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். கணினி வேண்டா, பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருப்பது அப்படியே மற்றதற்குச் செல்லும். வேகமான தட்டாயின் 1 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம். வாங்கும் தட்டின் கொள்ளளவு மூலத்துக்குக் குறையலாகாது. மூலம் எது, வெற்றுத்தட்டு எது என்பதில் கவனம் பிசகினால் வெறுமையே நகலாகி, மூலம் அழிந்துவிடும். ஆதலால் மூலத்தின்மேல் சிவப்புத்தாள் ஒட்டியுள்ளோம்.

கையடக்க வன்தட்டுகள் சிலவற்றில் யுஎஸ்பி வாய் உட்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றி டாக்கில் செருக இயலாது. அவற்றுக்கு, 2012 முதல் விற்கப்படும் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுச் சிறுகணினி உதவுகிறது. தனி மின்னிணைப்புள்ள ஹப் ஒன்றில் இரு தட்டுகளையும் மாட்டி, ஆர்சிங்க் என்னும் நிரலை நம் இளைஞர் ஒருமுறை அமைத்துத் தந்தால் போதும். முதல்முறைக்குப் பின் புதியனவும் மாறியனவும் மட்டுமே செல்லும். இரவோடு இரவாக வேலை முடியும்.

மூலத்தில் தவறி அழித்தது, டாக்கில் எடுக்கும் அடுத்த நகலிலும் இராது. ஆகவே பழைய நகலின்மீதே மீண்டும் எழுதாமல், இரண்டு தட்டுகளை மாதம் மாற்றிப் பயன்படுத்துகிறோம். 2024 டிசம்பரில், பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக்குள் புகுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதனால் ஒரு தட்டு வில்லியனூரில், உறுப்பினர் ஒருவர் வீட்டு மாடியில் இருக்கிறது. மாத முதல் ஞாயிறன்று அதைக் கொணர்ந்து, ஐந்து பதிவுகளையேனும் திறந்து கேட்ட பின்னரே திருப்பி அனுப்புகிறோம். சென்ற மாதம் கேட்க வந்தவர்களுள் அன்று பையோடு நின்ற பிள்ளையும் ஒருவர்.