பேரேடும் அடைவும்

திருவனந்தபுரத்துத் தம்பானூரில் புகைவண்டி நிலையம் 1931-ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் எதிரிலேயே பேருந்து நிலையமும் உண்டு. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த தமிழ் மக்களுள் பலர் இவ்விரு வாயில்களின் வழியே வந்தவர்கள். அவர்களுள் சிலர் கூடித் தம்பானூருக்கு அருகில் ஒரு சிறு சங்கம் நடத்தி வருகிறார்கள். மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாமும் அதில் ஓர் உறுப்பினர். அச்சங்கத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறவே இன்று வந்துள்ளோம்.

சங்கத்தில் மருத்துவ உதவி நிதி ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் அவ்வுதவி வேண்டி வந்தார். கணினியில் அவர் பெயரைத் தேடிய எழுத்தர், "அம்மா, உங்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இல்லையே" என்றார். "முப்பது வருஷமாகச் சந்தா கட்டுகிறேனே தம்பி, என் பெயர் எங்கே போகும்?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை. எழுத்தர் இரக்கத்தால் அவரைப் புதிய உறுப்பினராகப் பதிவு செய்தார். ஆயினும் புதிய உறுப்பினருக்கு ஓராண்டு கழித்தே உதவி உண்டு என்பது விதி. அம்மையார் வெறுங்கையுடன் திரும்பினார்.

கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் தேடும் முறையை மாற்றி, பேரேட்டை முதல் வரி தொடங்கி ஒவ்வொரு வரியாகப் படிக்கச் செய்தார். அம்மையாரின் பழைய பதிவு கட்டிய சந்தாக்களுடன் அங்கேயே இருந்தது! பதிவு அழியவில்லை, அதற்குச் செல்லும் வழிதான் பிழைபட்டிருந்தது.

அவ்வழிக்கு இன்டெக்ஸ் என்று பெயர். நாம் அதனை அடைவு என்போம். செய்திகளை வரிசையும் நிரலுமாக உள்ள பேரேடுகளில் வைக்கும் கொள்கையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்டார். பேரேடு பெருத்தால் ஒவ்வொரு வரியாகத் தேடுவது இயலாது. ஆதலின் பெயர்களை அகரவரிசைப்படுத்தி, கிளை பிரியும் மரம்போல் ஓர் அடைவு கட்டுகிறார்கள். பேயர், மெக்கிரைட் ஆகிய இருவர் அதே ஆண்டுகளில் வகுத்த முறை அது. கணுவுக்கு நூறு கிளைகள் எனக் கொண்டால், பத்து லட்சம் பெயர்களுள் ஒன்றை மூன்றே படிகளில் அடையலாம்.

ஆனால் ஒவ்வொரு கணுவிலும், "தேடும் பெயர் இதற்கு முன்னதா, பின்னதா?" என்று கேட்டே கணினி கிளையைத் தேர்கிறது. முன் எது, பின் எது என்னும் விதி மாறிவிட்டால் வழி தவறிவிடும். நம் நெடுங்கணக்கில் ழகரம் முந்தி, ளகரம் பிந்தி. மலையாளத்திலோ ளகரமே முந்தியது. யுனிகோடு எண் வரிசையிலும் அப்படியே. அன்றியும் அங்கே னகரம் நகரத்தை அடுத்தே நிற்கிறது. ஆகவே நமக்கு வழுதி முன், வள்ளி பின். எண் வரிசையில் வள்ளி முன், வழுதி பின். நம் பழைய கணினி எண் வரிசையைப் பின்பற்றியது. புதிய கணினி தமிழ் வரிசையைப் பின்பற்றியது. பழைய அடைவையோ அப்படியே பெயர்த்து வைத்திருந்தோம். அம்மையாரின் பெயரில் ழகரம் உண்டு. தேடல் வேறு கிளைக்குச் சென்றுவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2018-இல் லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28-ஆம் பதிப்பு அகரவரிசை விதிகளை மாற்றியது. அவ்விதிகளைச் சார்ந்த அடைவுகளை உலகெங்கும் பலர் புதிதாகக் கட்ட நேர்ந்தது.

அடைவைத் திருத்துவது எப்படி? அதன் பெயரை மாற்றுவது எளிது. வரிசை விதியையோ, அதில் அடங்கும் நிரல்களையோ மாற்ற வேண்டுமாயின் பெரும்பாலும் புதிதாகவே கட்ட வேண்டும். கட்டும்வரை பேரேட்டில் எழுதுவோர் காத்திருக்க நேரிடும். அதனைத் தவிர்க்க, பழையது இயங்கும்போதே அருகில் புதியதைக் கட்டி, முடிந்தபின் பழையதை நீக்கும் முறை உண்டு. போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்பு, 2019-இல், மறுகட்டுமானத்துக்கும் இவ்வசதியை அளித்தது. மைஎஸ்கியூஎல் 8.0-இல் ஓர் அடைவை நீக்குமுன் மறைத்து வைத்து, இன்றியமையாததா என்று சோதிக்கவும் இயலும்.

நம் இளைஞர் அடைவை மறுபடியும் கட்ட முயன்றார், கணினி மறுத்தது. ஒரே பெயரும் தந்தை பெயரும் இருமுறை வரலாகாது என்பது அவ்வடைவின் கட்டளை. அம்மையாரோ இப்போது இருமுறை இருந்தார்! அத்தகைய இரட்டைப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு இணைத்த பின்னரே புதிய அடைவு எழுந்தது. அன்று மாலையே அம்மையாரின் இல்லம் சென்று, வருத்தம் தெரிவித்து, உதவித் தொகையை அளித்தோம்.

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் தமிழ்ச் சங்கங்களின் ஏடுகளைக் காக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியை மாற்றும்போது அடைவையும் புதிதாகக் கட்டுங்கள். மாற்றுமுன் பேரேட்டின் படி ஒன்றை எடுத்து வையுங்கள். தமிழ்ப் பெயர்கள் சிலவற்றைத் தேடிச் சோதித்துக்கொள்ளுங்கள்; ழகரமும் ளகரமும் னகரமும் அவற்றில் வரட்டும். அதன் பின்னும் ஒருவர் பெயர் அகப்படாவிட்டால், "இல்லை" என்று உடனே சொல்லிவிடாமல், "சற்றே அமருங்கள், முழுவதும் பார்த்துச் சொல்கிறோம்" என்று கூறுங்கள்.