தடையா? அனுமதியா?



போதைப்பொருளைச் சட்டப்படி விற்கவிட்டால் கடத்தல் ஒழிந்துவிடும் என்று சிலர் வாதாடுகிறார்கள். நமக்கு இது புதிதா? வெள்ளைக்காரன் காலத்தில் அபினைச் சர்க்காரே விற்றது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் சட்டப்படிதான் நடந்தது. வாங்கின சம்பளம் வீடு வந்து சேராது! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடையையும் மூடச் சொன்னார்கள். பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின. இதை மறந்துவிட்டு என்னிடம் யாரும் அனுமதி பேச வரவேண்டாம்.

சரி, தடை மட்டும் போதுமா? 15 கிராம் ஹெரோயின் பிடிபட்டாலே கடத்தல்காரன் என்று நம் சட்டம் அனுமானிக்கிறது. கடத்தலுக்கு 1983 முதல் தூக்கு கட்டாயமாக இருந்தது. 2023-இல்தான் அந்தக் கட்டாயம் முழுதும் நீங்கி, முடிவு நீதிபதி கைக்கு வந்தது. ஈப்போ நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராமுக்காக 2022-இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். கொண்டுபோனவர் மாட்டினார். கொடுத்தனுப்பியவன் எங்கே?

ஆகவே, கடத்துகிறவனைச் சட்டம் பிடிக்கட்டும். பழகிவிட்ட பிள்ளையோ நோயாளி. தோட்டம் குறைந்து அடுக்குமாடி பெருகிய நம்ம அம்பாங்கில், ஊர் பேசுமே என்று ஒளித்து வைக்காதீர்கள். ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு 2005-இல் அரசாங்கமே மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. அங்கே கூட்டிப்போங்கள். அடித்துத் துரத்தினால் அவன் நேரே போய் நிற்கும் வாசல், விற்கிறவன் வாசல்தான்.