டப்பாவுக்குள் ஓர் அணிற்பிள்ளை

இன்று பி.எட். பட்டம் பெறும் ஆசிரியர்களே!

மாணவர்களே என்று உங்களை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் யாரோ ஒரு குழந்தை உங்களை மிஸ் என்றோ சார் என்றோ கூப்பிடப்போகிறது. அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முப்பத்தோரு வருஷம் அறிவியல் டீச்சராக வேலை பார்த்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், எட்டாம் வகுப்பில் மதியம் முதல் பீரியட். கரும்பலகையில் முதுகெலும்புள்ள உயிரினங்களின் வகைப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ஜியோமெட்ரி பாக்ஸைக் கையில் ஏந்தியபடி எழுந்து வந்தான். காம்பஸ், பென்சிலையெல்லாம் எடுத்துவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் போட்டிருந்தான். அதன் மேல் கண்ணே திறக்காத ஓர் அணிற்பிள்ளை. முதுகில் கோடுகள் அப்போதுதான் மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தன. "மிஸ், வேப்பமரத்துலேர்ந்து விழுந்துடுச்சு. என்ன பண்றது மிஸ்?" என்றான். "வெளியே விட்டுட்டு வந்து உட்காருப்பா, போர்ஷன் முடிக்கணும்" என்றேன். போனான். காலி டப்பாவோடு திரும்பி வந்து உட்கார்ந்தான். வருஷம் முடியும்வரை அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. 1976இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அடிப்படைக் கடமைகள் என்று பாடமாகவும் நடத்துகிறோம், ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்கிறோம். ஆனால் இரக்கத்தை நாம் குழந்தைக்குள் புதிதாக வைக்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம். அது ஒரு கேள்வியாக, ஒரு டப்பாவாக, தானே வகுப்புக்கு வந்து நிற்கிறது. உட்காரு என்று சொல்லிச் சொல்லி அதைப் பட்டுப்போகச் செய்வது பெரியவர்களாகிய நாம்தான்.

2025 அக்டோபரில் தமது 91ஆம் வயதில் மறைந்த ஜேன் குடாலைச் சிம்பன்சி ஆராய்ச்சியாளராக உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடமும் பிள்ளைகள் கேள்வியோடு வந்தார்கள். 1991இல், தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் 12 மாணவர்கள் கூடினார்கள். வெடிவைத்து மீன் பிடிப்பதால் பவளப்பாறைகள் நொறுங்குவது பற்றியும், தெருவில் வாழும் பிள்ளைகள் பற்றியும் அவர்களுக்குக் கவலை இருந்தது. அவர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை, குழுவாகச் சேரச் சொன்னார். ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ் இயக்கம் அங்கேதான் பிறந்தது. மனிதருக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று என்று வேலைகளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் வழக்கம். மூன்றையும் ஏன் சேர்த்தார் என்பது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. நம் சென்னைக் கடற்கரையில் ஓர் இரவு புரிந்தது.

மாசி மாதம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு ஆமை நடைக்குப் போயிருந்தேன். 1988இல் மாணவர்கள் தொடங்கிய ஒரு குழு, பங்குனி ஆமை கரையேறும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறது. அன்று நாங்கள் முதலில் பார்த்தது செத்த ஆமையை. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்தது. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். ஒரு பையன் ஆத்திரத்தில், "எல்லாம் இந்த மீன்காரங்களாலதான் மிஸ்" என்றான்.

பின்னால் நின்ற பெண்ணின் குரல் வந்தது. குப்பத்துப் பிள்ளை. "எங்கப்பாவும் கடலுக்குத்தான் போறாரு. வலையில ஆமை மாட்டுனா வலையை அறுத்துத்தான் விடுவாரு. அப்புறம் ரெண்டு நாள் உட்கார்ந்து வலை பின்னணும். அந்த ரெண்டு நாளும் வீட்ல காசு இருக்காது."

யாரும் பேசவில்லை. அலைச்சத்தம் மட்டும்தான். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது, அதை மீறும்போது இந்த ஆமையும் போகிறது, உன் தோழியின் அப்பாவுக்குக் கிடைக்க வேண்டிய மீனும் போகிறது என்று நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அந்தப் பையன் அவள் பக்கம் திரும்பி, "வலை பின்ன எனக்கும் சொல்லித்தர்றியா?" என்று கேட்டான். ஆமைக்காக அழுதுவிட்டு மீனவரை வெறுத்துக்கொண்டு அவன் வீடு திரும்பியிருந்தால், அன்றைய நடையை நான் தோல்வி என்றுதான் சொல்லியிருப்பேன்.

விடியற்காலையில் ஒரு கூடு கிடைத்தது. தோள்வரை கையை மணலுக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிங்பாங் பந்து மாதிரி, ஆனால் தோல்போல மிருதுவான ஓடு. நூற்றுப் பன்னிரண்டு. எண்ணியது அந்தக் குப்பத்துப் பெண். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் பானை வடிவில் குழி தோண்டிப் புதைத்தோம். பொரிக்க ஏறக்குறைய 45 முதல் 60 நாள். கடைசித் தேர்வுக்குப் படிக்கும் நேரத்திலும், "நம்ம குழி என்ன ஆச்சு மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை வந்தது. ஆமைக்குஞ்சு வெளிச்சம் இருக்கும் திசை நோக்கி ஊரும். விளக்கில்லாத காலத்தில் வெளிச்சமென்றால் அது கடல்தான். இப்போது விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துத் தெருப்பக்கம் திரும்பிச் செத்துப்போகிறது. கரையோரம் ஒரு டீக்கடையில் இரண்டு ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் குப்பத்துப் பெண் ஓடிப்போய், "அண்ணே, அரை மணி நேரம் லைட்டை நிறுத்துறீங்களா?" என்று கேட்டாள். வியாபார நேரம். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நிறுத்திவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு மணலுக்கே வந்துவிட்டார். இருட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கடற்கரை இல்லாத ஊருக்குத்தான் உங்களில் பலர் வேலைக்குப் போவீர்கள். போகிற ஊரில் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடி வேண்டுமென்று அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தும் தாய்தான் அங்கே ஆசிரியை.

உங்களிடமும் ஒரு டப்பா வரும். என்ன செய்வதென்று தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலடா, வா கேட்போம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அணிற்பிள்ளைக்கு என்ன செய்வதென்று நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். விழுந்த அதே மரத்தடியில் மெத்தென்ற துணியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால், தாய் அணில் இறங்கி வந்து வாயில் கவ்விக்கொண்டு போக வாய்ப்புண்டு. வேப்பமரம் எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேரே நின்றது. நாற்பது பிள்ளைகளும் இருந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கலாம்.