வெள்ளத்துக்கு முன்னால் எழுதப்படும் பட்டியல்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து சாப்பிடாமல்கூட வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளே,

பேரிடர் வருவதற்கு முன்பே தயாராக இருக்க அரசாங்கங்கள் வாங்கும் கடனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடன் என்றால் நமக்கு வாரவட்டியும் குழுத் தவணையும்தான் ஞாபகத்துக்கு வரும். உலக வங்கிக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. டெல்லி கையெழுத்துப் போடுகிறது, பணம் மாநிலத்துக்கு வருகிறது, மாநிலம் திருப்பிக் கட்டுகிறது. மாநிலத்தின் கையில் இருக்கும் பணம் எது? நீங்களும் நானும் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் கொடுத்த வரி. நம்ம பேரப்பிள்ளை காலம் வரைக்கும் தவணை ஓடும். கடனைக் கட்டுகிறவர் பட்டியலில் நாம் இருக்கிறோம். அதனால் பயன்பெறுகிறவர் பட்டியலில் இருக்கிறோமா? இதுதான் என் கேள்வி.

கடனே கூடாது என்று சொல்ல வரவில்லை. வெள்ளத்தைத் தடுப்பது அரசின் கடமை. 1943ல் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் திட்டத்துக்கு 1950ல் உலக வங்கி 1 கோடியே 85 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. அணைகள் எழுந்தன. நிலம் இழந்து போனவர்களில் ஆதிவாசிகள் ஏராளம். ஆகவே கடன் வாங்கும்போது யாரை எண்ணுகிறார்கள், யாரை விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்ம ஊருக்கு வருவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் நொய்யலில் கலக்கக் கூடாது என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நதி சுத்தமாக வேண்டும், தொழிலும் நடக்க வேண்டும், சரி. அதே ஆண்டு நவம்பரில் ஒரு ராத்திரி மழை. நொய்யலும் ஜம்மனை ஓடையும் கரை புரண்டன. கரையோர வீடுகள் போயின. உயிர்கள் போயின. அந்தக் கரையில் குடியிருந்தவர்களுக்கு எந்த வட்டியில்லாக் கடன் வந்தது?

ஓடைக்குள்ள ஏன் வீடு கட்டுனாங்க என்று கேட்கிறார்கள். ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்பது இரண்டாவது பேச்சு. "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான் முதல் பேச்சு. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் வரும். இந்த வெள்ளத்தின் வழியை மழை மட்டும் தீர்மானிக்கவில்லை, சாதியும் தீர்மானித்திருக்கிறது.

வெள்ளம் வடிந்த பிறகு கணக்கெடுக்க வருவார்கள். வீடு முழுச் சேதமா, பாதிச் சேதமா, ஆடு எத்தனை, மாடு எத்தனை. நான் கைமடியாக வேலைக்குச் சேர்ந்து டெய்லரானவன். ஒரு மழைக்காலத்தில் நான் வேலை செய்த கம்பெனிக்குள் தண்ணீர் புகுந்து பதினோரு நாள் வேலை இல்லை. நனைந்த துணிக்கு இன்சூரன்ஸ் வந்தது. எங்கள் பதினோரு நாள் கூலிக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. சொத்து உள்ளவன் இழந்தால்தான் அது இழப்பு. கூலிக்காரன் இழந்தால் அது விதி!

இது திருப்பூர்க் கதை மட்டும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு மறுகட்டுமானத்துக்கு உலக வங்கி 2005ல் 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. நாகைப் பக்கம் படகுக்கும் வலைக்கும் நிவாரணக் கணக்கு இருந்தது. கரையை நம்பிக் கூலி வேலை செய்த தலித்துகள் பலர் பாதிக்கப்பட்டவர்களாகவே எண்ணப்படவில்லை. முகாமில் தண்ணீர் குடிக்கும் இடத்திலும் தீட்டுப் பார்த்தார்கள்.

இலங்கையைப் பாருங்கள். பேரிடர் வந்தவுடன் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் ஒரு வகைக் கடன் இருக்கிறது. 2014 ஏப்ரலில் உலக வங்கி அப்படி 10 கோடியே 20 லட்சம் டாலரை இலங்கைக்கு ஒதுக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. புதைந்தவர்கள் மலையகத் தமிழர்கள்; இங்கிருந்து தேயிலைக்குப் போன நம் சேரிகளின் பேரப்பிள்ளைகளும் அந்த மக்களில் உண்டு. கஜானாவுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, லயத்துக்கு வரவில்லை.

இப்போது நம் வாசலுக்கு வந்திருக்கும் சங்கதியைச் சொல்கிறேன். 2021ல் ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டுக்கு நகர்ப்புற ஏழைகளின் வீட்டுவசதிக்காக 15 கோடி டாலர் கடன் கொடுத்தது. பேரிடர் ஆபத்துள்ள இடங்களில் இருப்பவர்களை வேறு இடத்தில் குடியமர்த்துவதும் அதில் ஒரு பகுதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் நாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் அது. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. தயாராவது என்றால் நம்மை அப்புறப்படுத்துவது என்று அர்த்தமாகிவிடக் கூடாது.

கையில் என்ன இருக்கிறது? இருக்கு தோழர்களே. இந்த இரண்டு வங்கிகளின் விதிப்படியும், பட்டா இல்லாதவருக்கும் வீட்டுக்கான இழப்பீடும் மறுவாழ்வு உதவியும் உண்டு. ஆனால் கணக்கெடுப்புக்கென்று ஒரு கடைசித் தேதி வைப்பார்கள். அதற்கு முன் குடியிருந்ததற்கு நம் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். விதியை மீறினால், அவர்கள் கடன் கொடுத்த திட்டத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தாலே அந்த வங்கிகளின் புகார் அமைப்புக்கு எழுதலாம். உலக வங்கி 1993ல் இதற்காக விசாரணைக் குழு அமைத்ததற்கு நர்மதைக் கரை மக்களின் போராட்டம் முக்கியக் காரணம். யாரும் தானமாகத் தரவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, நகரில் எந்தத் திட்டத்துக்குக் கடன் வாங்கினாலும் ஒப்பந்தத்தைத் தமிழில் வார்டிலேயே ஒட்ட வேண்டும். இரண்டு, குடியிருப்போர் பட்டியலை நம் முன்னால் வாசித்துத் திருத்த வேண்டும். மூன்று, பறிபோன கூலி நாளை இழப்பாக எழுத வேண்டும். நான்கு, மாற்று வீடு பனியன் கம்பெனிக்கு நடந்து போகும் தூரத்தில், மேட்டு நிலத்தில், ஊரோடு சேர்ந்து இருக்க வேண்டும். இன்னொரு சேரி வேண்டாம்.

அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் வீடு வீடாகப் போய் நாமே எழுதுவோம். ரேசன் கார்டு இல்லாதவர், வடக்கே இருந்து வந்த தொழிலாளி, தனியாக இருக்கிற பாட்டி, எல்லாரையும் எழுதுவோம். நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு வாங்க.