தூரம் சொல்லும் பெட்டி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்தி கொஞ்ச நேரம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். சிறிய விமானங்களில் இருக்கும் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. அதில் ஒரே ஒரு கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டி.எம்.இ. என்பார்கள், தூரம் அளக்கும் கருவி. செஸ்னா 172 போன்ற விமானத்தில் ரேடியோக்களுக்கு நடுவே சின்னதாக உட்கார்ந்திருக்கும். கிங் கே.என். 64 என்ற பழைய பெட்டி இன்றைக்கும் எங்கள் மேசைக்கு வருகிறது.

விமானத்திலிருந்து இரண்டிரண்டு துடிப்புகளாக ஒரு கேள்வி போகும். தரையில் இருக்கும் நிலையம் அதை வாங்கி, சரியாக 50 மைக்ரோ செகண்டு பொறுத்து, 63 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வேறொரு அலைவரிசையில் பதில் அனுப்பும். ஒரு கடல் மைல் போய்த் திரும்ப 12.36 மைக்ரோ செகண்டு. மொத்த நேரத்தில் 50-ஐக் கழித்து 12.36-ஆல் வகுத்தால் தூரம் வந்துவிடும். கழிக்காமல் விட்டால் நாலு மைல் கூடுதலாகக் காட்டும். தம்பிகள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. ஒரே நிலையத்தை ஏறக்குறைய நூறு விமானங்கள் ஒரே சமயத்தில் கேட்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரித் துடிப்புதான் பதில். அப்புறம் தன் பதில் எது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? கிணற்றங்கரையில் நாலு பேர் கை தட்டுகிறார்கள் என்று வையுங்கள். நான் ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டுத் தட்டுகிறேன். நான் எப்போது தட்டினாலும் அதே இடைவெளியில் திரும்பி வருவது என் எதிரொலி மட்டும்தான். மற்றதெல்லாம் கண்டபடி வரும். பெட்டியும் வேண்டுமென்றே ஒழுங்கில்லாத இடைவெளியில்தான் கேட்கிறது. எந்தப் புண்ணியவானுக்கு இந்த யோசனை வந்ததோ!

இனி, இயக்குவது எப்படி? தூரக் கருவிக்கென்று விமானி தனியாக அலைவரிசை தேட வேண்டியதில்லை. திசை காட்டும் வி.ஓ.ஆர். அலைவரிசையை வைத்தால் போதும், அதற்குச் சோடியான தூர அலைவரிசை தானே வந்துவிடும். சென்னை, திருச்சி, மதுரை, கோவை எங்கும் வி.ஓ.ஆரும் டி.எம்.இ.யும் சேர்ந்தே இருக்கின்றன. வைத்த பிறகு காது கொடுத்துக் கேட்கணும். வி.ஓ.ஆரின் மோர்ஸ் பெயர் அடிக்கடி வரும், டி.எம்.இ.யின் பெயர் சற்றுக் கீச்சுக் குரலில், அரை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். அந்த அரை நிமிடம் பொறுக்காதவர்கள் நிறையப் பேர். எண்ணுக்குப் பதிலாகக் கோடு கோடாகத் தெரிந்தால் பெட்டி இன்னும் தேடுகிறது, அல்லது மலை மறைக்கிறது, அல்லது நீங்கள் தாழ்வாகப் பறக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெட்டி காட்டுவது தரையில் அளந்த தூரமல்ல, சாய்வுத் தூரம். நிலையத்தின் நேர் மேலே 6000 அடியில் பறந்தால் பூஜ்யம் வராது, 1 மைல் என்று நிற்கும். வேகமும் அப்படித்தான். நேராக நிலையத்தை நோக்கியோ விலகியோ போனால்தான் அது சொல்லும் வேகம் சரி. நிலையத்தைச் சுற்றி வட்டமடித்தால் 100 நாட் வேகத்தில் போனாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். "வேகம் தப்பாகக் காட்டுது" என்று சீட்டு ஒட்டி வரும் பெட்டிகளில் சிலவற்றில் ஒரு பழுதும் இருக்காது. கேட்டால், வட்டமடித்தபோது பார்த்தேன் என்பார் விமானி.

ஆனால் உயிர் போகிற விஷயம் 'ஹோல்டு' என்ற ஏற்பாடுதான். திசைமுள்ளை ஓடுபாதையின் அலைவரிசைக்கு மாற்றிவிட்டு, தூரத்தை மட்டும் பழைய நிலையத்திலேயே நிறுத்தி வைக்கலாம். தேவையான வசதிதான். ஆனால் அப்போது முள் ஒரு இடத்தைச் சொல்லும், எண் இன்னொரு இடத்தைச் சொல்லும்.

முள்ளும் எண்ணும் வேறு வேறு இடத்தைச் சொல்வது என்றால் என்ன என்பதற்குக் குவாம் தீவை நினைத்துப் பாருங்கள். 1997 ஆகஸ்ட் 6, அதிகாலை, மழை. சிறிய விமானம் அல்ல, கொரியன் ஏர் நிறுவனத்தின் போயிங் 747. சரிவுப் பாதை காட்டும் கருவி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அங்கே டி.எம்.இ. விமான நிலையத்தில் இல்லை, ஓடுபாதைக்கு 3.3 மைல் முன்னால், நிமிட்ஸ் குன்றின் மேல் இருந்தது. எண் குறைந்து பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி 3.3 வரை ஏறினால்தான் ஓடுபாதை. விமானம் அந்தக் குன்றிலேயே மோதியது. 254 பேரில் 228 பேர் இறந்தார்கள். அணுகுமுறையைச் சரியாகத் திட்டமிட்டு நடத்தாததையும், மற்ற இருவர் கண்காணிக்கத் தவறியதையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. டி.எம்.இ. விமான நிலையத்திலேயே இருப்பதாக விமானி எண்ணியிருக்கலாம் என்ற சாத்தியத்தையும் அது ஆராய்ந்தது. பெட்டி அன்று சரியான எண்ணைத்தான் காட்டியது.

அதனால்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் விமானியிடம் ஒன்று சொல்வேன்: "எண்ணைப் படிக்கும்போது எந்த ஊர் எண் என்று ஊர்ப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்க சார்." சிலர் சிரிப்பார்கள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜி.பி.எஸ். வந்த பிறகு இது எதுக்கு என்று கேட்பீர்கள். பல சிறிய விமானங்களில் கழற்றியே விட்டார்கள். ஆனால் அண்மைக்காலத்தில் போர் நடக்கும் வட்டாரங்களைச் சுற்றி ஜி.பி.எஸ். சமிக்ஞையை மறைப்பதும் பொய்யாக அனுப்புவதும் பெருகியிருக்கின்றன. அப்போது பெரிய விமானங்கள் இரண்டு மூன்று டி.எம்.இ. தூரங்களை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. தரை நிலையங்களை இன்னும் மூடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய பெட்டி ஒன்றைத் திறந்து கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் எலக்ட்ரானிக்ஸ் லேப் மேசையில் இருக்கும். வந்து பாருங்க, கேளுங்க.