நெகிழிப் பொருளில் ஓடிய மின்சாரம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் நூல்களைக் கற்பித்து வாழும் யான் பௌதிக சாஸ்திரம் பற்றிப் பேச முற்படுதல் துணிவேயாம். ஆயினும், ஒரு தாயின் நிறைவேறாத ஆசை ஓர் அறிஞரை ஆக்கிய வரலாறு இதனுள் அடங்கியிருத்தலின், நும் பொறுமையை வேண்டித் தொடங்குகின்றேன்.

ஆலன் ஹீகர் என்பார் அமெரிக்க தேசத்து அயோவா மாகாணத்தில் 1936-ஆம் ஆண்டு பிறந்தவர். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த அக்ரன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். அன்னையார் தம் சுற்றத்தாரை நாடி ஒமாஹா நகரில் குடியேறினார். அவ்வம்மையார் இளமையில் பல்கலைக்கழகத்திற் பயில உபகாரச் சம்பளம் பெற்றவர். குடும்பத்தின் பொருள் முட்டுப்பாட்டால் அதனைக் கைவிட்டு வேலைக்குச் சென்றவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் மக்கட்குக் கிட்டவேண்டுமென இடைவிடாது வற்புறுத்தி வந்தார். அக்குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளிக்கு மேற் கற்றவர் அதுகாறும் ஒருவரும் இலர். ஹீகர் நெப்ராஸ்காவிற் பயின்று, பெர்க்கிலியில் 1961-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1962-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்தார்.

நிற்க. செம்பு மின்சாரத்தைக் கடத்தும்; இரப்பர் தடுக்கும்; சிலிக்கன் முதலியன இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன. இவற்றைக் குறைகடத்திகள் என்ப. நெகிழிப் பொருளோ மின்கம்பிக்கு உறையாகவே உரியது என்று உலகம் எண்ணியிருந்தது.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு பிழை. 1967-இல், ஜப்பானில் ஹிதேகி ஷிரகாவா பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தில் பாலிஅசிட்டிலீன் என்னும் பொருளை ஆக்குங்கால், வினையூக்கி வேண்டிய அளவினும் ஆயிரம் மடங்கு மிகுதியாக இடப்பட்டுவிட்டது. கரும்பொடிக்கு மாறாக உலோகம் போன்று மின்னும் படலம் உண்டாயிற்று. ஷிரகாவா அதனை வீசியெறியாது ஆராய்ந்தார்.

ஹீகரின் பல்கலைக்கழகத்திலேயே, நியூசிலாந்திற் பிறந்த ஆலன் மக்டயர்மிட் என்னும் இரசாயன அறிஞர் இருந்தார். கந்தகமும் நைட்ரஜனும் கூடிய ஒரு பொருள் உலோகம் போல் நடப்பதறிந்து ஹீகர் அவரை நாடினார். அதன் குறியெழுத்துக்களை ஹீகர் கூற, மற்றவர் அவற்றை வெள்ளீயத்தின் குறியீடாகக் கொண்டு, வெள்ளீயம் உலோகமாதலில் வியப்பென்ன என்று கருதினராம்! இரு துறையினர்க்கும் மொழி வேறு. எனினும் ஒருவர் மொழியை ஒருவர் பொறுமையுடன் கற்றனர். 1975-இல் மக்டயர்மிட் ஜப்பானில் அம்மின்னும் படலத்தைக் கண்டு ஷிரகாவாவை அழைத்தார். 1976 நவம்பரில் அப்படலத்தைப் புரோமின் ஆவியிற் படுத்தவே, அதன் கடத்தும் ஆற்றல் ஒரு கோடி மடங்கு பெருகிற்று. 1977-இல் இச்செய்தி வெளியாயிற்று.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? பந்தியில் யாவரும் நெருங்கி அமர்ந்திருப்பின் ஒருவரும் நகரவியலாது. ஒருவர் எழுந்தால், அடுத்தவர் அவ்விடத்திற்கு நகர்வார்; அவரிடத்திற்கு அவர்க்கு அடுத்தவர் நகர்வார். இவ்வாறு வெற்றிடம் பந்தி முழுதும் செல்லும். புரோமினும் அயோடினும் அப்பொருளின் இழைகளிலிருந்து சில எலெக்ட்ரான்களைக் கவர்ந்து இத்தகைய இடத்தை உண்டாக்குகின்றன.

அப்படலம் காற்றுப்படின் கெடுவதாயினும் முயற்சி தளரவில்லை; வேறு பொருள்கள் பல தோன்றின. ஹீகர் 1982-இல் சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தார். 1990-இல் யூனியாக்ஸ் என்னும் தொழிற்கழகத்தை மற்றொருவருடன் நிறுவினார். நெகிழிப் பொருளையும், கரியணு அறுபது கூடிய பந்து போன்ற மூலக்கூறையும் கலந்து சூரிய ஒளியை மின்சாரமாக்கும் வழியை 1995-இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டு, பௌதிக அறிஞராகிய இவர்க்கும் மற்றை இருவர்க்கும் இரசாயனத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. இன்று நம் கைபேசித் திரைகள் பலவற்றில் ஒளிர்வனவும் இவ்வினத்தைச் சார்ந்த கரிமப் பொருள்களே.

அன்பர்களே! பிழையைப் பேணி ஆராய்ந்தமையும், துறை வேலியைத் தாண்டிப் பேசியமையும் இவ்வெற்றிக்கு வித்தாயின. ஆயினும், முதல் வித்து கல்லூரி வாயிலை மிதியாத அந்தத் தாயே. அவருடைய உபகாரச் சம்பளம் வீணாயிற்று. அவருடைய மகனோ உலகறிய உயர்ந்தார். அத்தாயும் கற்றிருந்தால் யாது செய்திருப்பாரென்று யாரே கூற வல்லார்? நம் இல்லங்களிற் படிப்பை நிறுத்தி அடுப்படிக்கோ வேலைக்கோ அனுப்பப்பட்ட பெண்மக்கள் எத்துணையர் என்று இன்றிரவு ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பீராக. அவ்வெண்ணிக்கை இனியேனும் வளராதிருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.