ஒப்புக்குச் சப்பாணியாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள்



சற்று முன் நம் தமிழ்ச் சங்க மேடையில் குழந்தைகள் திருக்குறள் சொன்னார்கள், ஒரு சொல் பிசகவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு ஓடினார்கள். தமிழ் அவர்கள் பேச்சில் இல்லையே என்ற கவலையோடுதான் இப்போது கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எனக்குத் தாம்பரம். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எங்கள் பக்கம் முழுக்க ஏரிகள். கோடையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். மற்ற நாட்களில் காலி மனை, இல்லையென்றால் தெரு. மண்ணில் கோடு கிழித்து, நுனியில் நம்பர் எழுதி, அதன் மேல் பேட்டைப் படுக்க வைத்து, ஆளுக்கொரு கோட்டைத் தொட்டால் பேட்டிங் வரிசை தயார். ஒன் பிட்ச் கேட்ச், பேபி ஓவர், காம்பவுண்டுக்குள் போனால் அவுட்... அங்கே கை தூக்குகிறவர் எந்த ஊர்? குரோம்பேட்டையா! அப்படியானால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

அந்த ஆட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இடம் உண்டு, ஒப்புக்குச் சப்பாணியாக. அவனுக்குப் பந்தை உருட்டித்தான் போடுவார்கள். முதல் பந்தில் அவுட்டானால் இன்னொரு பந்து. இரண்டு அணிக்கும் அவனே ஃபீல்டர். பந்து பக்கத்து வீட்டுக்குள் விழுந்தால் யாரை அனுப்புவோம்? பெரியவனைக் கண்டாலே அந்த வீட்டு மாமிக்குக் கோபம் வரும். சப்பாணியைத்தான் தள்ளிவிடுவோம். "மாமி, தெரியாம விழுந்துடுச்சு மாமி. செடிய மிதிக்காம எடுத்துக்கிறேன் மாமி." கேட் திறந்துவிடும். அதே பிள்ளை பந்தோடு ஓடிவந்து, "போடா, அது அவுட்டே இல்ல, நான் எப்பவோ கோட்டுக்குள்ள வந்துட்டேன்" என்று சண்டைக்கு நிற்பான். யாரிடம் கெஞ்சுவது, யாரிடம் உரிமையாகச் சீறுவது, இரண்டும் ஒரே மாலையில் அவன் நாக்குக்கு வந்துவிடும். நம் தமிழ் வகுப்பில் எழுத்தைக் கற்றுத் தருகிறோம், நல்லது. இந்தப் பேச்சை எங்கே கற்றுத் தருகிறோம்?

பேச்சு மட்டுமல்ல, ஆட்டத் திறமையும் தெருவில்தான் விளைந்தது. எங்கள் தாம்பரம் - பீச் ரயில் தடத்தில் இருக்கிறது மாம்பலம். மேற்கு மாம்பலத்துத் தெருவில் வளர்ந்த சுழற்பந்து வீச்சாளர் அஷ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். விரலால் சொடுக்கிப் போடும் அந்தக் கேரம் பந்தை, டென்னிஸ் பந்தில் தெரு ஆட்டம் ஆடிய ஒருவரிடம் கண்டு கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். யூடியூபில் கிரிக்கெட்டின் நுட்பங்களைத் தமிழிலேயே பேசுகிறார். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

இங்கே அமெரிக்காவிலும் 2023 முதல் மேஜர் லீக் கிரிக்கெட் நடக்கிறது. 1900 பாரிஸுக்குப் பிறகு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் திரும்பி வருகிறது. அதனால் பயிற்சி அகாடமியில் சேர்க்கிறீர்கள், பேடு கட்டி, ஹெல்மெட் மாட்டி, காரில் கொண்டுபோய் விடுகிறீர்கள். விடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அங்கே பிள்ளை வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கிறான். பந்தைக் கேட்டு வாங்க மாமி இல்லை, சண்டைக்கு எதிராளியும் இல்லை. தாம்பரத்திலும் நிலைமை மாறிவிட்டது. 2021-இல் மாநகராட்சியானது, காலி மனையெல்லாம் அடுக்குமாடி.

ஆகவே அந்தத் தெருவை இங்கே நாமே உண்டாக்குவோம். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கி, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டி நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறார்கள். அவர்களை அம்பயராக நிறுத்துவோம். நம் ஆட்டத்தில் எல்பிடபிள்யூ கிடையாது, சண்டையெல்லாம் ரன் அவுட்டுக்குத்தான் வரும். அந்த வழக்கைத் தாத்தாவிடம் தமிழில்தான் வாதாட வேண்டும். பெற்றோர் நடுவில் புகுந்து மொழிபெயர்க்கக் கூடாது, சமாதானமும் செய்யக் கூடாது.

அடுத்த ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பின்பக்கப் பார்க்கிங்கில் கூடுவோம். டென்னிஸ் பந்து போதும். பெண் பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். மூன்று வயதுக் குழந்தையா, சப்பாணிக்கு இடம் இருக்கிறது. அப்பாக்கள் ஆளுக்கு ஒரு ஓவர்தான் போடலாம், பேட்டிங் கடைசியில்.